பறவைக் குழுவின் செய்திமடலுக்கு ஒரு நூலகம்: பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி, மதிப்புரை

பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்னும் இணைய நூலகத்தைப் பற்றி ஆய்வாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். நான் அதை வேறொரு தேவையிலிருந்து மதிப்பிட விரும்புகிறேன். விடுமுறை நாள்களில் ஏரிக்கரையில் கூடிப் பறவை பார்க்கும் ஒரு சிறு குழு, தன் உறுப்பினர்களுக்காகத் தமிழில் ஒரு செய்திமடல் நடத்துகிறது. எழுதுவோரில் பள்ளி ஆசிரியர்கள் உண்டு, வங்கி ஊழியர்கள் உண்டு, கல்லூரி மாணவர்கள் உண்டு. ஒருவருக்கும் சன்மானம் கிடையாது, இதழுக்கு விலையும் கிடையாது. அத்தகைய இதழைத் தொகுக்கும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில், புத்தகங்களிலிருந்து எதை எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம், எதை எடுக்கவே கூடாது என்னும் கேள்விக்கு ஒவ்வோர் இதழின்போதும் நான் விடை சொல்லியாக வேண்டும். இந்த நூலகம் அதற்கு எந்த அளவுக்கு உதவுகிறது என்பதே இம்மதிப்புரையின் பொருள்.

இலாபம் பார்க்காத குழுதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம் பொழுதுபோக்குக் குழுக்களிடையே பரவலாக இருக்கிறது. பெரும்பாலும் நல்ல மனத்தோடுதான் இதைச் சொல்கிறார்கள். தமக்குப் பிடித்த புத்தகத்தை நாலு பேர் படிக்கட்டும் என்ற ஆசை அதன் அடியில் இருக்கிறது. ஆனால் 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில், இலாபநோக்கில்லாதவர்கள் எதை வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்ற பொது விலக்கு எதுவும் இல்லை. அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாடு, விமரிசனம் அல்லது மதிப்புரை, நடப்பு நிகழ்வுகளைப் பற்றிய செய்தி ஆகிய நோக்கங்களைச் சொல்லி, அவற்றுக்காக ஒரு படைப்பை நியாயமான முறையில் கையாள்வது மீறல் ஆகாது என்கிறது. ஒரு களக் கையேட்டின் பக்கத்தை நகலெடுத்து உங்கள் பையில் வைத்துக்கொண்டால் அது முதல் நோக்கத்தில் அடங்கும். அதே பக்கத்தை இதழில் போட்டு உறுப்பினர்கள் அனைவருக்கும் அனுப்பினால் அடங்காது. நமக்குக் கைகொடுப்பது இரண்டாவது நோக்கம்தான். எடுத்தாண்ட வரிகளைப் பற்றி நாம் ஏதாவது சொல்ல வேண்டும். அவற்றை ஏற்கவோ மறுக்கவோ, நம் ஏரியில் கண்டதோடு வைத்துப் பார்க்கவோ வேண்டும். பக்கத்தின் மூலையில் அழகுக்காகக் கட்டம் கட்டிப் போடும் பத்தி, எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அந்த நோக்கத்துக்குள் எளிதில் வராது.

சட்டம் பொழுதுபோக்குக் குழுக்களை அறவே மறந்துவிடவில்லை. அதே 52-ஆம் பிரிவில், கட்டணம் செலுத்தாத அவையோரின் முன் ஓர் அமெச்சூர் குழுவோ சங்கமோ இலக்கியப் படைப்பையோ நாடகத்தையோ இசையையோ நிகழ்த்துவது மீறல் ஆகாது என்று ஒரு விதி இருக்கிறது. வெளியான நூலிலிருந்து நியாயமான அளவுள்ள ஒரு பகுதியைப் பலர் முன் வாசிப்பதற்கும் அங்கே இடம் இருக்கிறது. ஆகவே மாதக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து தாம் விரும்பும் நூலின் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்தால் யாரும் தயங்கத் தேவையில்லை. ஆனால் வாசிப்புக்கும் நிகழ்த்துதலுக்கும் தந்த அந்த இடத்தைச் சட்டம் அச்சுக்குத் தரவில்லை. எத்தனை சொல் வரை எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கும் நேரடியான எண் எதுவும் கிடையாது. இத்தனை சொல், இத்தனை விழுக்காடு என்று செவிவழியாக உலவும் கணக்குகளுக்குச் சட்டத்தில் ஆதாரமில்லை. 1996-இல் சிவிக் சந்திரன் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம், எடுத்துக்கொண்ட பகுதியின் அளவையும் மதிப்பையும், எடுத்ததன் நோக்கத்தையும், இரண்டு படைப்புகளும் ஒன்றோடொன்று போட்டியிடும் வாய்ப்பையும் பார்க்கச் சொன்னது. செய்திமடல் தொகுப்பவருக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை. மூன்றாவது அளவுகோல்தான் குழுக்கள் பெரும்பாலும் கவனிக்காதது: நம் இதழைப் படித்தவர் இனி அந்தப் புத்தகத்தை வாங்கத் தேவையில்லை என்ற நிலை வந்தால், நாம் எடுத்தது அதிகம்.

இந்தப் பின்னணியில்தான் நூலகத்துக்கு வருகிறேன். அமெரிக்காவையும் பிரிட்டனையும் சேர்ந்த இயற்கை வரலாற்று நூலகங்களும் தாவரவியல் நூலகங்களும் கைகோத்து 2006-இல் இதைத் தொடங்கின. ஸ்மித்சோனியன் நூலகங்கள், லண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், கியூ தாவரவியல் பூங்கா, மிசௌரி தாவரவியல் பூங்கா ஆகியவை அவற்றுள் சில. ஆறு கோடிக்கும் மேற்பட்ட பக்கங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை, பெயரைப் பதிவுசெய்து உள்ளே போக வேண்டிய தேவையும் இல்லை. வேண்டிய பக்கங்களை மட்டும் குறித்து ஒரு பி.டி.எஃப். கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் மாறாத முகவரி ஒன்று இருக்கிறது. செய்திமடலில் மேற்கோளுக்குக் கீழே அதைக் கொடுத்துவிட்டால், படிப்பவர் அடுத்த நொடியே மூலப் பக்கத்துக்குப் போய், நாம் சரியாக எடுத்திருக்கிறோமா, முன்னும் பின்னும் ஆசிரியர் என்ன சொல்லியிருக்கிறார் என்று தாமே பார்த்துக்கொள்ளலாம். மேற்கோளில் நேர்மைக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

நான் இந்த நூலகத்தை மற்றவற்றுக்கு மேலே வைப்பதற்குக் காரணம் உரிமைக் குறிப்பு. ஒவ்வொரு தொகுதிக்கும் அதன் பதிப்புரிமை நிலை என்ன என்று ஒரு வரி இருக்கிறது. இந்தப் படைப்பு இனி பதிப்புரிமைப் பாதுகாப்பில் இல்லை என்று நூலகம் கருதுவதாகச் சில தொகுதிகளில் இருக்கும். இன்னும் பதிப்புரிமையில் உள்ளது, உரிமையாளரின் அனுமதியோடு ஸ்கேன் செய்யப்பட்டது என்று வேறு சிலவற்றில் இருக்கும். தகவல் தரப்படவில்லை, நூலை வைத்திருக்கும் நிறுவனத்தைக் கேட்டு உறுதிசெய்துகொள்க என்றும் சிலவற்றில் காணலாம். கடைசி வகைக் குறிப்பைப் பலர் குறையாகக் கருதக்கூடும். நான் அதை மதிக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைப்பதால், உரிமை நீங்கியது என்று அவர்கள் சொல்லும்போது அந்தச் சொல்லை நம்ப முடிகிறது.

ஆனால் அந்தக் குறிப்பை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்திவிடக் கூடாது. அமெரிக்காவில் பழைய நூல்களுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் என்பது கணக்கு. இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1992-க்கு முன்பு இது 50 ஆண்டுகளாக இருந்தது. ஆகவே நமக்கு வேண்டியது நூல் வெளியான ஆண்டைவிட, அதை எழுதியவர் மறைந்த ஆண்டு. இந்த இடத்தில் நூலகத்தின் ஒரு பழைய பழக்கம் நமக்குப் பெரிதும் உதவுகிறது: நூலகர்களின் மரபுப்படி, பல ஆசிரியர்களின் பெயருக்கு அருகே பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் தரப்பட்டிருக்கின்றன. தாமஸ் காவர்ஹில் ஜெர்டன் என்ற பெயரைத் தேடினால் 1811–1872 என்று இருக்கும். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. இந்தியாவில் உரிமை நீங்கியதா என்பதை அந்த ஒரே எண்ணிலிருந்து எந்த உறுப்பினரும் கண்டுபிடித்துவிடலாம்.

வெளியான ஆண்டையும் மறைந்த ஆண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியதன் தேவைக்கு சாலிம் அலியின் தூக்கணாங்குருவி ஆய்வைக் காட்டலாம். ஆண் குருவி பல கூடுகளைப் பாதிவரை கட்டி வைப்பதையும், பெண் குருவி வந்து பார்த்து ஒன்றைத் தேர்ந்த பிறகே அந்தக் கூடு முழுமை பெறுவதையும், ஒரே ஆண் அடுத்தடுத்துப் பல பெண்களோடு சேர்வதையும் அவர் கீகிம் என்ற கொங்கண் கடற்கரை ஊரில் இருந்து கவனித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் 1931-இல் கட்டுரையாக எழுதினார். வெளியான ஆண்டை வைத்துப் பார்க்கும் அமெரிக்கக் கணக்கில் அதற்குரிய காலம் 2026-ஆம் ஆண்டோடு முடிகிறது. அவர் மறைந்தது 1987-இல் என்பதால், இந்தியக் கணக்கில் 2047-ஆம் ஆண்டின் இறுதிவரை அந்த உரிமை நிற்கிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி இது. அமெரிக்கக் குறிப்பை மட்டும் பார்த்து அக்கட்டுரையை முழுவதும் தமிழில் பெயர்த்து வெளியிடும் குழு, அந்த இடைவெளிக்குள் விழுந்துவிடும்.

அதற்காக அந்த ஆய்வைப் பற்றி எழுதாமல் இருக்க வேண்டியதில்லை. பதிப்புரிமை சொல்லும் முறைக்கு உரியது. சொல்லப்படும் கருத்துக்கோ உண்மைக்கோ அது கிடையாது என்பதை 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தூக்கணாங்குருவி எப்படிக் கூடு கட்டுகிறது என்பது யாருக்கும் சொந்தமில்லை. மேலே ஒரே வாக்கியத்தில் நான் சொன்னதுபோல், கண்டறிந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் கண்டதை நம் நடையில் எழுதலாம். அதன் பிறகு நம் ஊர்ப் பனைமரத்தில் தொங்கும் கூடுகளில் எத்தனை பாதியில் நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்து எழுதலாம். அப்படி எழுதிய கட்டுரைதான் செய்திமடலுக்கு அழகு. எங்கள் இதழுக்கு வரும் கட்டுரைகளில் மேற்கோள் நீண்டுகொண்டே போனால், எழுதியவர் களத்துக்குப் போகவில்லையோ என்றுதான் முதலில் எனக்குத் தோன்றும்.

மொழிபெயர்ப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் எழுதும் குழுக்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இதுதான். பறவை நூல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது; ஆகவே நாம் எடுக்கும் மேற்கோளில் பெரும்பகுதி நம் மொழிபெயர்ப்பாகவே அமைகிறது. தமிழில் மாற்றிவிட்டால் அது நம் எழுத்தாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் 14-ஆம் பிரிவு, மொழிபெயர்க்கும் உரிமையையும் மூல ஆசிரியருக்கே தருகிறது. விமரிசனத்துக்காக மூன்று நான்கு வரிகளைத் தமிழில் தந்து, அவற்றைப் பற்றி நாம் பேசுவது ஒன்று. ஒரு பறவையைப் பற்றிய முழுக் குறிப்பையும் பெயர்த்து, அடியில் நன்றி என்று போடுவது வேறு. நன்றி சொல்வதை அனுமதி பெற்றதாகக் கொள்ள முடியாது. ஆயினும் பெயரைச் சொல்வது எப்போதும் கடமை. படைப்பு தம்முடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57-ஆம் பிரிவு ஆசிரியருக்குத் தனியாகவே வழங்குகிறது. பதிப்பாளருக்கு உரிமையை எழுதிக் கொடுத்த பின்னரும் அது அவரை விட்டுப் போவதில்லை.

இனி இந்த நூலகத்தின் செல்வத்துக்கு வருவோம். ஜெர்டன் சென்னைப் படையில் மருத்துவராக இருந்தவர். இந்தியப் பறவைகளைப் பற்றி 1862 முதல் 1864 வரை வெளிவந்த அவருடைய நூலில், ஒவ்வொரு பறவைக்கும் இந்தி, வங்காளம், தெலுங்கு ஆகிய மொழிகளின் பெயர்களோடு பல இடங்களில் தமிழ்ப் பெயரும் தரப்பட்டிருக்கிறது. ரோமன் எழுத்தில் இருக்கும் அந்தப் பெயர்களை எங்கள் குழுவின் மூத்த உறுப்பினர்கள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, இன்னும் தங்கள் ஊரில் வழங்கும் பெயர்களோடு இணைத்துப் பார்ப்பது எங்கள் கூட்டங்களில் எல்லோரும் விரும்பும் பகுதி. ஓட்ஸும் பிளான்ஃபோர்டும் எழுதி 1889 முதல் 1898 வரை வெளிவந்த பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையின் பறவைத் தொகுதிகள், 1872-இல் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் தொடங்கிய ஸ்ட்ரே ஃபெதர்ஸ் ஆய்விதழ் ஆகியவற்றையும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். காங்கிரஸ் பேரியக்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான அதே ஹியூம்தான் இவர். இவற்றிலிருந்து பத்தி பத்தியாக எடுக்கலாம், முழுக் கட்டுரையையும் பெயர்க்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக் குழுக்கள் முதலில் தேட வேண்டியது என்று நான் கருதுவது, கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் நடந்த வெர்னே அறிவியல் ஆய்வின் பறவைப் பகுதி. ஹியூ விஸ்லரும் நார்மன் பாய்ட் கின்னியரும் எழுதிய அந்த அறிக்கை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் 1930 முதல் 1937 வரை தொடராக வெளிவந்தது. சேர்வராயன் மலை, சித்தேரி மலை, சேலத்துச் சமவெளி ஆகிய இடங்களில் அன்று என்னென்ன பறவைகள் கிடைத்தன என்பதை அதில் காணலாம். உரிமைக் கணக்குக்கும் இது நல்ல பாடம். இருவர் சேர்ந்து எழுதிய படைப்புக்கு, அவர்களுள் கடைசியாக மறைந்தவரின் ஆண்டையே கொள்ள வேண்டும். விஸ்லர் 1943-இல் மறைந்தார். கின்னியர் 1957-இல் மறைந்தார். ஆகவே இந்தியாவில் இதன் உரிமை 2017-ஆம் ஆண்டின் இறுதியோடு நீங்கிவிட்டது. ஏற்காட்டுப் பக்கம் போய்வரும் எந்தக் குழுவும் அந்தப் பட்டியலைத் தன் பட்டியலுக்கு அருகே வைத்து அச்சிடலாம்; எது இன்றும் இருக்கிறது, எது கண்ணில் படவில்லை என்று எழுதலாம்.

இங்கே உரிமைக் குறிப்பின் ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 1886-இல் தொடங்கிய அந்த ஆய்விதழ், இன்னும் பதிப்புரிமையில் உள்ளதாகவும், உரிமையாளரின் அனுமதியோடு தரப்படுவதாகவும், வணிக நோக்கின்றி, பெயரைக் குறிப்பிட்டு, அதே நிபந்தனைகளோடு பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழும் வைக்கப்பட்டிருக்கிறது. விலையில்லாத செய்திமடலுக்கு இது பேருதவி. ஆனால் குறிப்பு தொகுதி முழுவதற்கும் பொதுவாக இருக்கிறது. அத்தொகுதிக்குள் இருக்கும் கட்டுரைகளோ ஒவ்வொன்றும் ஓர் ஆசிரியருடையவை. கின்னியரும் விஸ்லரும் எழுதியது இந்தியச் சட்டப்படி விடுதலை பெற்றிருக்க, அதே தாள்களில் சாலிம் அலி எழுதியது பாதுகாப்பில் இருக்கிறது. கட்டுரையளவில் உரிமையைப் பிரித்துக் காட்டும் வசதி இருந்திருந்தால் இந்த நூலகம் இன்னும் ஒரு படி உயர்ந்திருக்கும். உங்கள் மடலில் விளம்பரம் சேர்ந்தாலோ, ஆண்டு மலராகத் தொகுத்து விலைக்குக் கொடுத்தாலோ, வணிக நோக்கின்றி என்ற நிபந்தனையை மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டும். நிதி திரட்டும் மலருக்கு நாங்கள் உரிமை முற்றிலும் நீங்கிய கட்டுரைகளை மட்டுமே எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

படங்களைப் பொறுத்தவரை என் கருத்து கடுமையானது. உரையில் நாலு வரி எடுப்பது சிறு பகுதியை எடுப்பதாகும். ஓவியத்தை எடுத்தால் ஒரு முழுப் படைப்பையும் எடுத்ததாகிவிடுகிறது. புகைப்படங்களுக்கு முன்பு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்றிருந்த கணக்கு, 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் வாழ்நாளும் அதன்மேல் 60 ஆண்டுகளும் என்று மாறிவிட்டது. இன்றைய களக் கையேடுகளின் ஓவியத் தாள்களை ஸ்கேன் செய்து மடலில் போடும் வழக்கத்தை நம் குழுக்கள் அடியோடு விட்டுவிட வேண்டும். அப்படி விட்டால் வரும் படக் குறையை இந்த நூலகம் நிறைவாகத் தீர்க்கிறது. ஜெர்டன் 1843 முதல் 1847 வரை சென்னையிலிருந்து வெளியிட்ட கைவண்ணப் பறவைப் படங்களைப் போன்றவை இன்று எல்லோருக்கும் உரியவை. அவற்றுள் இந்திய ஓவியர்கள் வரைந்தவையும் உண்டு என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி. அட்டைப்படத்துக்கு அத்தகைய ஓவியம் ஒன்றைப் போட்டு, அதே பறவையை உறுப்பினர் எடுத்த புகைப்படத்தை உள்ளே வைத்தால், எந்தக் கையேட்டின் உதவியும் இல்லாமல் இதழ் நிறைந்துவிடுகிறது.

பயன்பாட்டில் சில இடர்ப்பாடுகள் இருக்கின்றன. எழுத்துணரி மென்பொருள் வழியே கிடைக்கும் உரையை அப்படியே நம்பி மேற்கோள் எடுக்க முடியாது. பழைய அச்செழுத்திலும், ஒலிக்குறியிட்ட உள்ளூர்ப் பெயர்களிலும் எழுத்துகள் சிதைந்து வருவது உண்டு. பக்கப் படத்தைத் திறந்து ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்தே ஆக வேண்டும். பறவைகளின் அறிவியல் பெயரைக் கொண்டு தேடும் வசதி மிக நல்லது. ஆனால் பெயர்கள் மாறியிருக்கின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும். பனங்காடை இன்று கொராசியாஸ் பெங்காலென்சிஸ். ஜெர்டனுக்கு அது கொராசியாஸ் இண்டிகா. தூக்கணாங்குருவி அவருக்குப் புளோசியஸ் பாயா. இன்று அது புளோசியஸ் பிலிப்பினஸ். பழைய பெயரை அறியாதவருக்கு நூலகம் பாதி மூடியே இருக்கும். தமிழில் தேடவும் முடியாது, தமிழ் நூல்களை இங்கே எதிர்பார்க்கவும் முடியாது.

தமிழ் நூல்களுக்கு வேறு இடம் நாட வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைத் தனியே தொகுத்து வைத்திருப்பது நம்மைப் போன்ற குழுக்களுக்கு வரம். ஆசிரியரின் காலக்கணக்கைப் பார்க்காமலேயே அவற்றிலிருந்து எடுக்கலாம்; இப்படி ஒரு வாய்ப்பு வேறு மொழிக்காரர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவில் இவ்விரண்டையும்விட அதிகமான நூல்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே பொதுமக்கள் எவரும் கோப்புகளை ஏற்றலாம். ஒரு நூல் அங்கே இறக்கக் கிடைக்கிறது என்பதால் அதன் உரிமை நீங்கிவிட்டது என்று கொள்ள முடியாது. விஸ்லரின் கையேட்டைப் போன்ற நல்ல நூல்களை அங்கே எடுக்கலாம். ஆயினும் ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர் மறைந்த ஆண்டையும், பின்னர் திருத்திப் பதிப்பித்தவர் மறைந்த ஆண்டையும் நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். விஸ்லர் நூலின் 1949-ஆம் ஆண்டுப் பதிப்பைத் திருத்தியவர் மேலே சொன்ன கின்னியர்தான் என்பதால் அதிலும் சிக்கலில்லை.

சங்கப் பாட்டிலிருந்து பறவை வரிகளைத் தேடி எடுப்பவர்கள் எங்கள் இதழில் எப்போதும் உண்டு. பாட்டுக்கு உரிமைக் கேள்வி இல்லை. அதன் உரைக்கு உண்டு. 1942-இல் மறைந்த உ.வே. சாமிநாதையரின் உரையைத் தாராளமாக எடுக்கலாம். இப்போது வாழும் உரையாசிரியரின் பொழிப்பை எடுத்தால், அது பதிப்புரிமையுள்ள நூலிலிருந்து எடுத்த மேற்கோள்தான்.

பதிப்புரிமையில் உள்ள நூல்களை, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் இந்த நூலகம் தராது. அவற்றை விலை கொடுத்து வாங்கி, அளவறிந்து மேற்கோள் காட்ட வேண்டும். இயற்கையைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணனின் கட்டுரைகளை எடுத்துக்கொள்வோம். அவர் 1996-இல் மறைந்தார். 2056-ஆம் ஆண்டின் இறுதிவரை அவை பாதுகாப்பில் இருக்கும். அவருடைய நடையைப் பார்த்தவர்களுக்கு முழுக் கட்டுரையையும் மடலில் போட்டுவிட வேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்பு. அதற்குச் சரியான வழி, உரிமையாளருக்கோ பதிப்பாளருக்கோ ஒரு கடிதம் எழுதுவது. எந்த நூல், எந்தப் பக்கம், எத்தனை பிரதி, விலை உண்டா இல்லையா, எத்தனை காலம் இணையத்தில் இருக்கும் என்பவற்றைத் தெளிவாக எழுதிக் கேட்டால், கேட்கப்படுபவருக்கு விடை சொல்வது எளிதாகிறது. விடை வராவிட்டால் அதை அனுமதியாகக் கொள்ளாமல், அந்தக் கட்டுரையைப் பற்றி மதிப்புரை எழுதி, பேசப்படும் இரண்டு மூன்று வரிகளை மட்டும் மேற்கோள் குறிக்குள் தந்து, நூலின் பெயரையும் பக்கத்தையும் சொல்லலாம். அதைப் படித்து ஒருவர் புத்தகத்தை வாங்கினால், மேற்கோளின் வேலை நடந்துவிட்டது.

இலங்கையிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழ்க் குழுக்கள் இந்த நூலகத்தைப் பயன்படுத்தும்போது 60 என்ற எண்ணுக்குப் பதிலாக 70 என்பதைக் கொள்ள வேண்டும். மலேசியாவில் அது 50. வெர்னே ஆய்வறிக்கை தமிழ்நாட்டில் விடுதலை பெற்றிருந்தாலும், கின்னியர் மறைந்த ஆண்டைக் கணக்கிட்டால், யாழ்ப்பாணத்தில் அச்சிடுவோர் 2027-ஆம் ஆண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அதிலிருந்து வேண்டிய செய்திகளை எடுத்துத் தம் நடையில் எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

செலவின்றிக் கிடைக்கும் சேவைகளில், எடுப்பவருக்கு உள்ள உரிமையை இந்த அளவுக்கு எடுத்துச் சொல்லும் வேறொன்றை நான் பறவை நூல்களுக்காகக் கண்டதில்லை. ஆங்கிலம் ஓரளவு படிக்கத் தெரிந்த ஓர் உறுப்பினரும், பறவைகளின் பழைய அறிவியல் பெயர்களை அறிந்த ஓர் உறுப்பினரும் இருக்கும் எந்தக் குழுவுக்கும் இதைப் பரிந்துரைப்பேன். தொடங்குவோர் ஜெர்டனின் நூலில் தங்கள் ஊரில் நாள்தோறும் காணும் ஒரு பறவையை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பி.டி.எஃப். ஆக இறக்கி, எழுத்துணரி தந்த உரையைப் பக்கப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தி, முழுவதையும் தமிழில் பெயர்த்து, ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க முகவரி ஆகியவற்றோடு அடுத்த மடலில் வெளியிட்டுப் பார்க்கலாம்.